அளக்காமல் எழுதிய காய்ச்சல்

செவிலியர் கல்லூரி விடுதியில் வாழும் என் மூத்த மகளே, கேள்!

இங்கு நானும் அப்பாவும் தம்பியும் நலம். நீ உடலால் நலம் என்று உன் கையெழுத்து சொல்கிறது, உள்ளத்தால் நலமில்லை என்று நீ அனுப்பிய இரண்டு குறிப்பேட்டுத் தாள்களின் நகல்களும் சொல்கின்றன. உன்னைப் பொய் எழுதச் சொல்கிறார்கள், அதற்குப் படிப்பென்று பெயரும் சூட்டுகிறார்கள். என் சினம் அதன் மேல்தான். உறங்கும் நோயாளி அம்மாளை எழுப்பாமல், வெப்பமானியை வைக்காமலேயே, முந்தைய வேளையின் அளவைப் பதிவேட்டில் எழுதினாய். அடுத்த வேளைக்கு வந்த செவிலியர் தொட்டுப் பார்த்து, ஏறியிருந்த காய்ச்சலைக் கண்டதால் அந்த அம்மாள் தப்பினார். அதை ஒளிக்காமல், கற்றதை எழுதும் உன் வாரக் குறிப்பேட்டில் எழுதி, எழுப்பாதது இரக்கத்தால் அன்று, சோம்பலால் என்று உன்னை நீயே பிடித்தாய். ஆசிரியையோ தாளைத் திருப்பித் தந்து, "இதெல்லாம் எதுக்கும்மா? பொறுமை கத்துக்கிட்டேன்னு எழுது, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க" என்றாராம். மூத்த மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டை வகுப்பே தேதி மட்டும் மாற்றிப் படியெடுக்கிறதாம். நீயும் அதைப் படியெடுத்து வைத்துவிட்டு, இரண்டில் எதைக் கொடுப்பது என்று என்னைக் கேட்கிறாய்.

ரெண்டு வரி மாற்றினால் குடியா முழுகிவிடும், முதலில் தேறட்டும் என்றார் அப்பா. "அக்கா செஞ்ச தப்புக்கும் அம்மா மேடை போட்டுடுவாங்க" என்று சிரித்தான் தம்பி. போடுவேன். நானும் ஒருமுறை, தொழிற்சங்க மேடையில், ஆலையில் விரல் இழந்தோர் ஒன்பது பேர் என்று விசாரிக்காமல் முழங்கிக் கைதட்டல் வாங்கியவள்; இழந்தவர் நால்வர். என் ஐந்து பொய்யைக் காட்டி அந்த நால்வரையும் பொய்யர் என்றது நிருவாகம். முழங்குமுன் என்னையே நான் கேட்டுக்கொள்ள எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை. அதற்கென்றே உன் கையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதையும் பறிப்பதற்கா கல்லூரி? நோயாளியைத் தொடாமல் அளவெழுதியது முதற்பிழை, உன்னைத் தொடாமல் பாடமெழுதுவது அதனினும் பெரிது. தேர்வெழுத விடமாட்டார்கள் என்று அஞ்சுகிறாய். விடாவிட்டால் காரணத்தை எழுத்தில் கேள். ஓராண்டு போனால் போகட்டும், வீட்டில் உனக்கு இடமும் சோறும் உண்டு. இதைச் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. உன் உண்மைத் தாளின் நகலை இரண்டாம் முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

நெஞ்சுரத்தோடு நீடு வாழ்க. வேளைக்கு உண், நின்று வீங்கும் கால்களுக்கு வெந்நீர் ஊற்று. படியெடுத்த தாளை இப்போதே கிழி. உண்மைத் தாளை இன்றே ஆசிரியையின் மேசையில் வை. வைத்த கையோடு அந்த அம்மாளின் கட்டிலருகே போய், நடந்ததை உன் வாயால் சொல்.

உன் அம்மா