தபாலில் வராத படிப்பு

வியாசர்பாடி
12.5.2002, ஞாயிறு, காலை 6.40

அன்புள்ள அக்காவுக்கு, ஜெய்பீம்.

மேசைமேல் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. அனுப்பப்போவது ஒன்று. கடைசி நாள் முப்பத்தொன்று. டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பேசினால் அம்மாவும் கூடவே வந்து நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

ஒன்று, தபால்வழி எம்.எஸ்ஸி. உளவியல். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். மற்றது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி. என்னைப் போன்ற பி.இ.க்காரனையும் சேர்த்துக்கொள்வார்கள், இரண்டாம் வருடம் மனநலப் பிரிவு எடுக்கலாம். ஆனால் பகல் கல்லூரி, வாராவாரம் மருத்துவமனையில் களப்பணி. எண்ணூர் கம்பெனி வேலையை விட்டாக வேண்டும்.

மனநலத்துறைக்குப் போவது முடிவாகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. சீக்கிரம் போகும் வழி எது? என் கணக்கில் தபால்வழிதான். பாடத்தை நானே படித்துக்கொள்வேன். ஆளோடு பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழ்வீட்டு சுப்பராயன் அண்ணனையே எடுத்துக்கொள். எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள், வேறு ஷிஃப்ட். பிப்ரவரியில் நிலக்கரி ஓடும் பெல்ட்டில் கை சிக்கி, இவர் கண்முன்னால் கூட்டாளி இறந்துபோனார். அதிலிருந்து சரியான தூக்கமில்லை. யார் வீட்டு மிக்ஸி ஓடினாலும் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். எப்படியோ வேலைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார்.

இயந்திரம் தானாக நின்றுவிட்டால் நாங்கள் சும்மா திரும்ப ஓட்டமாட்டோம். முதலில் என்ன ஆனது, அடுத்து என்ன ஆனது என்று வரிசையாக எழுதிக் காரணத்தைப் பிடிப்போம். அதையே அண்ணனிடம் செய்தேன். வியாழக்கிழமை மொட்டைமாடியில் உட்காரவைத்து, சத்தம் எப்போது கேட்டது, கை எப்போது சிக்கியது, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். விட்டுப்போன இடத்தை மறுபடி கேட்டேன். "போதும் நிலவா, வுட்டுடுப்பா, தலை சுத்துது" என்றார். நான் விடவில்லை. முழுக்கச் சொன்னார், அழுதார், அப்படியே தரையில் படுத்துவிட்டார். மூன்று மாதமாக அடைத்துக்கொண்டிருந்ததை ஒரே சாயங்காலத்தில் எடுத்துவிட்டேன்!

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றினாய். மாமாவுக்கும் குட்டிப்பயல் பாரிக்கும் என் அன்பு.

உன் தம்பி,
நிலவன்


பெங்களூர்
17.5.2002

அன்புத் தம்பிக்கு, ஜெய்பீம்.

உன் கவர் ஸ்டாம்பைப் பாரி கிழித்து எடுத்துக்கொண்டான். பொங்கலுக்கு வார்டில் லீவு தரவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கீழ்வீட்டுக்குப் போ. மாடியில் படுத்தவர் அதற்கப்புறம் தூங்கினாரா? வேலைக்குப் போனாரா? இவ்வளவு எழுதியவன் அதை எழுதவில்லையே.

அவர் குணமாகிப் படுத்தார் என்று நினைக்கிறாய். தாங்கமுடியாமல் படுத்திருப்பார். போதும் என்று ஒருவர் சொன்னால் எங்கள் வார்டில் டாக்டரே நிறுத்திவிடுவார். இத்தனை வருடம் மனநல வார்டில் நர்சாக இருக்கும் நான்கூட ஒருவரைத் தனியாக அப்படிக் கிளறமாட்டேன்.

தபால்வழிப் படிப்பு மட்டமில்லை. பாடம் தெரிந்துகொள்ள நல்லதுதான். ஆனால் நீ நோயாளி எதிரில் உட்காரப்போகிறவன். நீ தப்பாகக் கேட்கும்போது பக்கத்திலிருந்து "நிறுத்து" என்று சொல்ல ஆள் வேண்டாமா? அது களப்பணியில்தான் கிடைக்கும், தபாலில் வராது.

கோபித்துக்கொள். ஆனால் போய்ப் பார்.

ரமாபாய் அக்கா


வியாசர்பாடி
26.5.2002

அன்புள்ள அக்காவுக்கு, ஜெய்பீம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. "நர்ஸ் வேலை வேறு, இது வேறு" என்று சூடாக ஒரு பதில் எழுதி ஒட்டியும்விட்டேன். பெட்டியில் போடும் முன், நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் கீழே போனேன்.

அம்மு அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா நிலவா, இன்னொரு விசாரணையா? அன்னிலேர்ந்து மனுசன் வேலைக்கே போவல. கண்ண மூடுனா கையி கையின்னு கத்திகினு கீறாரு. இன்னாதான் பண்ணித் தொலைச்ச மாடில?"

உள்ளே இருந்து அண்ணன் குரல்: "அம்மு, புள்ளய திட்டாத. நல்லதுக்குத்தான் கேட்டுச்சு."

அண்ணி திட்டியதைத் தாங்கிக்கொண்டேன், இதைத்தான் தாங்க முடியவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். உன் கடிதத்தை அப்போதே கிழித்திருந்தால் அந்த வாசலுக்கே போயிருக்கமாட்டேன், அக்கா, அண்ணன் நிலைமையும் தெரிந்திருக்காது. அனுப்பாத பதிலைக் கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை இருவரையும் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரைப் பார்க்கும் முன் எழில்மொழி என்று ஒருவர் அண்ணனோடு பேசினார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அண்ணி பக்கத்தில் இருக்கலாமா என்று. விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், பிப்ரவரியில என்ன நடந்ததுன்னா" என்று ஆரம்பித்தேன். "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

எல்லாம் முடிந்தபின் அவர் என்ன படித்தார் என்று கேட்டேன். எம்.எஸ்.டபிள்யூ.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் இரண்டு ராத்திரி கொஞ்சம் தூங்கினாராம். என் முடிவைச் சொன்னதும் அம்மாதான் "பர்மனெண்டு வேலைய வுட்டுட்டு ஆஸ்பத்திரில குந்தப் போறியா?" என்று கத்திவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஆனால் நேற்று குழம்பில் வஞ்சிரத் தலையை என் தட்டில்தான் போட்டாள்.

இனிச் செய்யப்போவது:

1. நாளை எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பத்தை நேரில் கொடுப்பேன்.
2. இடம் கிடைத்தால் அன்றே ராஜினாமா. கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் இதற்கே போடுவேன்.
3. அம்மாவிடம் நானே பேசுவேன். நீ எனக்காகப் பரிந்து போன் பண்ண வேண்டாம்.
4. வியாழக்கிழமை அண்ணனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். பஸ்ஸில் அவர் பேசாமல் வந்தால் நானும் பேசாமல் வருவேன்.

உன் தம்பி,
நிலவன்