ஸ்கெல்பி கிளை வாசலில் நிறுத்தப்பட்ட பெண்கள் படகுக் குழு குறித்து

அனுப்புநர்
மால்கம் தேக்ரே, எம்.எஸ்சி.,
கிளைத் தலைவர் (தன்னார்வலர்),
இளம் மாலுமிகள் படை,
ஸ்கெல்பி துறைமுகக் கிளை, யார்க்‌ஷர்.

பெறுநர்
திரு. கிளைவ் ரெட்ஃபெர்ன் அவர்கள்,
வட்டார நிர்வாக அலுவலர்,
இளம் மாலுமிகள் படை,
வட்டாரத் தலைமையகம்.

பொருள்: திருமதி டோரின் அப்பிள்யார்டின் பணித்தடையை நீக்கவும், ஜூன் 7 துடுப்புப் படகுப் போட்டிக்கு எங்கள் பெண்கள் குழுவை அனுமதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவை, தேதி வாரியாக:

1. 1.4.2025. எங்கள் கிளையின் ஒரே பெண் அலுவலரான திருமதி அப்பிள்யார்டின் பெயர் தங்கள் இணையதளத்தில் சிவப்பாக மாறியது. பாரம் தூக்கும் முறை பற்றிய இணையப் பயிற்சியை அவர் புதுப்பிக்கவில்லை என்பது காரணம். அன்று முதல் அவர் சீருடை அணியவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கவும் தடை. அவர் துறைமுகத் தெருவில் மீன் வறுவல் கடை நடத்துபவர். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தாமே இறக்கி வைப்பவர். இதை வாதமாக முன்வைக்கவில்லை. தகவலுக்காக மட்டும்.

2. 3.4.2025. அவர் அந்தப் பயிற்சியை முழு மதிப்பெண்ணுடன் முடித்தார். பெயர் சிவப்பாகவே இருந்தது. மறுவாரம் மீண்டும் முடித்தார். இரண்டு நாள் கழித்து மூன்றாம் முறையும் முடித்தார். பெட்டியைத் தூக்குமுன் முழங்காலை மடக்க வேண்டும் என்பது இப்போது அவர் கடைக்கு வருவோர் அனைவருக்கும் தெரியும்.

3. 11.4.2025. பயிற்சியை முடித்தால் போதாது, கிளையின் பயிற்சிப் பொறுப்பாளர் ஒப்புதல் தர வேண்டும் என்று தங்கள் அலுவலகம் விளக்கியது. எங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் திருமதி அப்பிள்யார்டே. தமக்குத் தாமே ஒப்புதல் தர விதியில் இடமில்லை. அது முறையான விதிதான். எனவே கோரிக்கை, அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த திரு. கீத் பாட்ஸுக்குப் போகிறது. அவர் விலகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் பெயரை நீக்கும்படி ஆண்டுதோறும் எழுதி வருகிறேன். ஸ்பெயினில் வாழும் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "கடவுச்சொல்லா? அந்த ஊரு மழையவே மறந்துட்டேன் மால்கம். டோரினுக்கா தூக்கத் தெரியாதுங்கறாங்க? என்னையே ஒரு தடவ தண்ணியிலேருந்து அள்ளிப் படகுல போட்டவ அவ" என்றார்.

4. 16.4.2025. ஒப்புதலை நானே தருகிறேன் என்று தங்கள் அலுவலகத்தை அழைத்தேன். பேசிய இளைஞர் மரியாதையானவர். "நீங்க தலைவர்தான் சார், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தலைவருக்கு அந்தப் பக்கத்துல பட்டனே இல்லையே, நான் என்ன பண்ணட்டும்? அது மேலிடத்துல மட்டும்தான் இருக்கு" என்றார். மேலிடம் என்று அவர் குறிப்பிட்டது தங்களை.

5. 22.4.2025. பெண் அலுவலர் இல்லாத வளாகத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது விதி. அதுவரை பக்கத்துக் கிளை ஓர் அம்மையாரை இரவல் தந்து வந்தது. அன்று காலை அவர் பெயரும் சிவப்பானது. அன்று மாலை நான் மழையில் வாசலில் நின்று, வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினேன். படகுக் குழுவின் தலைவி ஃப்ரேயா ஹோல்ராய்ட், வயது பதினைந்து, "பசங்க மட்டும் உள்ள போறாங்க சார். நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டாள். நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றேன். "அப்ப யாரு பண்ணது?" என்றாள். அக்கேள்வியைத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

6. 25.4.2025 முதல் இன்று வரை. பையன்களும் உள்ளே வர மறுத்துவிட்டார்கள். நான் அவ்வாறு ஆணையிடவில்லை, தடுக்கவும் இல்லை. எங்கள் மாலைகள் கொடியேற்றத்தோடுதான் தொடங்கும். எனவே நான் உள்ளே தனியாகக் கொடியேற்றுகிறேன். அவர்கள் வெளியே நடைபாதையில் வரிசையாக நின்று, கம்பி வேலி வழியாகக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

7. 7.5.2025. திருமதி அப்பிள்யார்டின் பன்னிரண்டு ஆண்டுச் சேவையைப் பாராட்டி, தங்கள் கையொப்பத்துடன் பதக்கம் வந்தது. அடுத்த அணிவகுப்பில் அதைச் சீருடையில் அணிய வேண்டும் என்பது உடன் வந்த அறிவுறுத்தல். "சீருடையத்தான் போடக் கூடாதே. இத எதுல குத்திக்கறது, மாவு கரைக்கிற ஏப்ரன்லயா?" என்று என்னிடம் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

ஐயா, நான் பகலில் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். மாலைகளை இப்படைக்குக் கொடுத்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அம்மாலைகளில் பெரும்பாலானவை, இளையோர் முகத்தைப் பார்ப்பதில் அல்ல, தங்கள் இணையதளத்தின் முகத்தைப் பார்ப்பதில் கழிந்தன. அதற்காக வருந்திப் பயனில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகளில் ஒன்றையும் நான் எதிர்க்கவில்லை. ஓர் ஒழுங்கை மீறுங்கள் என்றும் கேட்கவில்லை. உண்மையில், இத்தனை வாரங்களில் எல்லோரும் எல்லா விதிகளையும் பின்பற்றியிருக்கிறோம். பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள்.

ஐந்து பெண்கள் குளிர்காலம் முழுதும், துடுப்பில் உறைபனி படிந்த காலைகளிலும், திருமதி அப்பிள்யார்டிடம் பயின்றார்கள். பெண் அலுவலர் இல்லாத குழுவின் பெயர் போட்டியில் ஏற்கப்படாது. பெயர்ப்பதிவு மே 30 அன்று முடிகிறது. ஃப்ரேயா உட்பட மூவர் அடுத்த ஆண்டு வயது வரம்பைக் கடந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறொரு ஜூன் கிடையாது.

ஆகவே, திரு. பாட்ஸின் பெயரை நீக்கி, மேலிடத்தில் மட்டும் இருக்கும் அந்தப் பட்டனைத் தாங்கள் அழுத்தி, திருமதி அப்பிள்யார்டைப் பணிக்குத் திரும்ப அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இயலாதெனில், 27.5.2025 செவ்வாய் மாலை ஏழு மணிக்குத் தாங்களே ஸ்கெல்பிக்கு வந்து, வாசலில் நின்று, அப்பெண்களிடம் காரணத்தைச் சொல்ல வேண்டுகிறேன். நான் அதை இன்னொரு முறை செய்வதாக இல்லை. வாசல் சாவியை இத்துடன் வைத்துள்ளேன். குடை கொண்டு வருவது நல்லது.

பட்டனை அழுத்திச் சாவியைத் திருப்பி அனுப்புவீர்களா, அல்லது தாங்களே வருவீர்களா என்பதை எழுத்து மூலம், 23.5.2025 வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும். தொலைபேசி வழி உறுதிமொழிகள் பதிலாகக் கொள்ளப்படமாட்டா.

இடம்: ஸ்கெல்பி
நாள்: 17.5.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
மால்கம் தேக்ரே

இணைப்பு: வாசல் சாவி, ஒன்று.