எட்டு ஜிபி போதாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ என்னைப் பேச விட மாட்டாய், அதனால்தான் கடிதம். பழைய லேப்டாப் ஒருவழியாகக் கண்ணை மூடிவிட்டது. நீ சொன்னபடி எட்டு ஜிபி மெமரி, தனி கிராபிக்ஸ் இல்லாதது, அதையே வாங்குவது என்றுதான் கிளம்பினோம். வருடக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்துவிடப் போகிறவளுக்கு அது தாராளம் என்றாய், தப்பில்லை. சமையலறை அலமாரி வரைந்து கொடுக்கும் வேலையை அதோடு ஏறக்கட்டிவிடலாம் என்று நானும் தலையாட்டித்தான் வைத்திருந்தேன்.

அப்பா சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரோடு கடைக்கு வந்தார். ஆயுசெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவருக்கு உள்ளே பார்க்காமல் எதையும் வாங்க வராது. பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லி நின்றார், எனக்கு மானம் போயிற்று. விற்கிற பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள். நாங்கள் கேட்ட மாடலில் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்களாம், பின்னால் கூட்ட முடியாது. தனி கிராபிக்ஸ் இல்லாததால் படம் காட்டவும் அந்த எட்டிலிருந்தேதான் பங்கு போகுமாம். பக்கத்தில் இருந்ததில் பதினாறு, தனி கிராபிக்ஸ், மேற்கொண்டு மெமரி போட ஓர் இடமும் காலி. பென்டிரைவில் ஒரு சமையலறைப் படம் வைத்திருந்தேன், ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்காதே, இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் திருப்பினால் சுவர் முதலில் வந்தது, அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாக ஆடி அசைந்து வந்தன. இரண்டாவதில் என் கை போன பக்கமெல்லாம் சமையலறையும் கூடவே திரும்பியது. ஓர் இழுப்பறை கதவில் இடிப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அங்கேயே நின்று சரிசெய்தேன், அப்பா உட்கார நாற்காலி தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள், "எத்தனை வருஷம் வச்சிருக்கப் போறீங்க?" என்று. வருடக் கடைசி வரை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ஏழெட்டு வருஷம் உழைக்கணும்மா" என்றேன். அப்பா என்னையே பார்த்தார். "அப்ப பெரிசையே எடு" என்றார், அவ்வளவுதான். அவருக்கும் இங்கிருந்து கிளம்ப மனசில்லை என்பதைத் திரும்பி வரும்போதுதான் சொன்னார். பேரப்பிள்ளையோடு இருக்க எனக்கு ஆசை என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அவர் முழங்காலுக்கு அங்கே நல்ல வைத்தியம் கிடைக்குமே என்று நான் இருந்தேன். ஒருவருக்காக ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம், நல்ல கூத்து.

கோபப்படுவாய், தெரியும். கொஞ்ச நாள் மாப்பிள்ளைதான் போனை எடுப்பார். வாண்டைத் தினமும் பார்க்க முடியாதே என்று எனக்கும் ஏக்கம்தான், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனாலும் வேலையை விட்டுவிட்டு உன் சோபாவில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது, கண்ணு. இங்கே என்னைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, வாண்டை அதட்டாதே. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது நாங்கள் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு, மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா