சம்பந்தி வண்டியும் மீன் வண்டியும்

செந்திலாண்டவன் துணை

தியாகராய நகர்,
சென்னை-17
24-1-75

அன்பு மகள் சௌபாக்கியவதி ஜெயபாரதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய்யாக எழுத மனம் வரவில்லை. உடம்பு எல்லோருக்கும் சுகம்தான், புத்திதான் ஒருவருக்கும் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சுலோச்சனாவும் அந்த லுசாக்கா ஊரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக் கொள்கிறேன். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாயே, ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒத்தடம் கொடு, சும்மா மாத்திரையாகக் கொடுத்துக் கொண்டிருக்காதே. அப்பாவுக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை, கோல் ஊன்றி நாலடி வைக்கிறார், பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரிகிறது. பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்தக் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருக்க வேண்டுமாம். அந்த ஆசையை வைத்துக் கொண்டு உன் அண்ணனும் உன் மாமனாரும் இங்கே அடிக்கிற கூத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். அப்பா மத்தியானம் கண்ணயர்ந்திருக்கிறார், அவர் விழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

ரயிலில் அவரை ஏற்றி இறக்க முடியாது, படுத்தபடியே போவதென்றால் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் ஏதோ தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், அவரிடம் சக்கரம் வைத்த வீடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு உன் அண்ணன் கணேசமூர்த்தி அதை வாங்கிக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிட்டான். டிரெய்லர் என்கிறார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, எல்லாம் இருக்கிறது, எஞ்சின் மட்டும் கிடையாது, வேறொரு வண்டிதான் இழுத்துக் கொண்டு போக வேண்டும். அதில் நான் குறை சொல்லவில்லை, பிள்ளை அப்பாவுக்காகச் செய்த காரியம். பாண்டி பஜாருக்குப் போகிற கூட்டமெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது. ஒரு அம்மாள் உள்ளேயே ஏறி உட்கார்ந்து கொண்டு, காபி கிடைக்குமா என்று என்னிடமே கேட்டாள்.

அதை இழுக்க எந்த வண்டி என்று ஒரு பேச்சு ஆரம்பித்தது பார், அன்றைக்குப் போனது வீட்டு நிம்மதி. கடைக் கார் தாங்காது, பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும், பிக்கப் வண்டிதான் வேண்டும் என்றார்கள். ரங்கநாதன் தெருவில் நம் கடைக்குக் குத்துவிளக்கு வாங்க வருகிறவர்கள் முதற்கொண்டு ஆளுக்கொரு யோசனை. எத்தனை குதிரை சக்தி, பெட்ரோலா டீசலா, மேட்டில் இழுக்குமா, மணலில் இழுக்குமா, இழுக்குமா இழுக்குமா என்று இதே பாட்டு. டிரெய்லருக்கென்று தனி பிரேக் கிடையாதாம், முன்னால் போகிற வண்டிதான் தன்னையும் நிறுத்திப் பின்னால் வருவதையும் நிறுத்த வேண்டுமாம், வெள்ளைக்காரர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனதாக கணேசமூர்த்தியே என்னிடம் சொன்னான். அப்படியானால் நன்றாக நிற்கிற வண்டியாகப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். உனக்கு எதுக்கும்மா இந்த வம்பெல்லாம், ரசத்துல உப்பு இல்ல, அதைப் பாரு என்கிறான். புதுப்பேட்டையில் ராணுவத்தார் கழித்துப் போட்ட பிக்கப் ஒன்று திடமாக இருந்திருக்கிறது, நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டான். பி.எஸ்ஸி. படித்த பிள்ளை. தலையில் அடித்துக் கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடையாற்றிலிருந்து உன் மாமனார் பஞ்சாட்சரம் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் அவர் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய பிக்கப் மரத்தடியில் நிற்குமே, உனக்குக் கல்யாணமான புதிதில் அதற்குள் கோழி அடைகாத்துக் கொண்டிருந்தது என்று நீயே சொல்லிச் சிரித்தாய், அதேதான். அதை நமக்குச் சும்மாவே கொடுக்கிறாராம். நம்பரைக் கூட்டினால் ஆறு, ஆறுமுகனுக்கு உகந்தது என்று கணேசமூர்த்தி கன்னத்தில் போட்டுக் கொண்டான். வண்டி சிங்கம்லா மதினி, மலையைக் கட்டி விட்டாலும் இழுத்துட்டு வந்துரும்லா என்று உன் மாமனார் சோபாவில் சாய்ந்து கொண்டு சொன்னார். துருவின் மேலேயே நீலப் பெயிண்டை அடித்து, முன்னால் வேல் வரைந்து, வடபழனிக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையும் கழுத்துமாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிரெய்லரை மாட்டி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. பூஜை போட்ட வண்டியைச் சோதித்துப் பார்ப்பது அபசகுனமாம். இப்படி ஒரு சாஸ்திரத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

நான் விடவில்லை. கோடம்பாக்கம் பாலத்தில் ஒரு தரம் ஏறி இறங்கினால்தான் உங்கள் அப்பாவை அதில் படுக்க வைப்பேன், அவர் படுக்கிற கட்டிலில் முதலில் நான் படுத்துப் பார்க்கிறேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். உன் அண்ணி தங்கபுஷ்பமும் என்னோடு ஏறிக் கொண்டாள். பாலத்தில் ஏறும்போது முனகி முனகி ஏறிவிட்டது, பிக்கப்பில் உன் அண்ணனோடு உட்கார்ந்திருந்த உன் மாமனார் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி எப்படி என்று ஆட்டிக் காட்டுகிறார். இறக்கத்தில்தான் வந்தது வினை. முன்னால் போகிற வண்டி பிரேக்கைப் போட்டும் நிற்கவில்லை, எங்கள் பெட்டி அதை முதுகில் தள்ளிக் கொண்டு போகிறது, வால் இப்படியும் அப்படியும் வீசுகிறது, அலமாரியிலிருந்த தட்டெல்லாம் சிதறித் தங்கபுஷ்பம் அத்தை அத்தை என்று என் மேலேயே வந்து விழுந்தாள். சைக்கிளில் வந்தவர்கள் ஓரத்தில் பாய்ந்துவிட்டார்கள். பாலம் முடிகிற இடத்தில் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறித்தான் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, நீ பயப்படாதே. ஆனால் நான் கதவைத் திறந்து கொண்டு இறங்கி வருகிறேன், உன் மாமனார் என் எதிரிலேயே சொல்கிறார், மதினி ஒரு பக்கமா சரிஞ்சு படுத்துட்டாவ, அதான் வண்டி கோணிட்டு, பிரேக் கல்லு மாதிரி இருக்கு என்று. நான் பெற்ற பிள்ளை பக்கத்தில் நின்று கொண்டு, ஆமா மாமா, அம்மா கொஞ்சம் சரிஞ்சுட்டாங்க என்கிறான். சீ என்று ஆகிவிட்டது. அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் இல்லை, அந்த ஆமா மாமாவால்தான்.

மறுநாள் தங்கபுஷ்பம்தான் ஞாபகப்படுத்தினாள், சாந்தோம் பக்கம் போனபோது பெரிய படகு ஒன்றைச் சக்கரத்தின் மேல் வைத்து ஒரு பிக்கப் இழுத்துக் கொண்டு போனதைப் பார்த்தோமே என்று. இரண்டு பேரும் பஸ் ஏறிப் பட்டினப்பாக்கம் போனோம். வண்டிக்குச் சொந்தக்காரி பாஞ்சாலி, மீன் ஏலம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறவள், ஆள் ஆஜானுபாகு, குரல் அதைவிடப் பெரிது. இன்னாமா மூக்கப் புட்ச்சிக்கினு நிக்கிற, வண்டி பாக்க வந்தியா வாந்தி எடுக்க வந்தியா என்று கேட்டாள். உள்ளதைச் சொல்கிறேன் பாரதி, இரண்டுக்கும்தான் போயிருக்கிறேன் போலிருக்கிறது. பிறந்ததிலிருந்து முட்டை ஓடு மிதித்தறியாதவள், ஐஸும் மீனும் ஏற்றி ஊறிப் போன அந்த வண்டிப் பக்கம் நின்றதும் குமட்டிக் கொண்டு வந்து ஓரமாகப் போய் எடுத்துவிட்டேன். அவள் கோபித்துக் கொள்ளவில்லை, சோடா வாங்கிக் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், வாடகைக்கு எடுத்துக்கினு போ, என் கொழுந்தன் அம்மாசியே ஓட்டுவான், அவனுக்கும் திருச்செந்தூர் பாத்தா மாரி இருக்கும் என்றாள். அதே கோடம்பாக்கம் பாலம், அதே கட்டில், மறுபடியும் நானே படுத்தேன். இறக்கத்தின் நடுவில் அம்மாசி வேண்டுமென்றே பிரேக் போட்டான். நின்றது. பிள்ளையைத் தொட்டிலோடு பிடித்து நிறுத்துகிற மாதிரி நின்றது. அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன், மூச்சு விட்டதும் மறுபடியும் மீன் வாடை அடித்தது, அது வேறு விஷயம்.

வாடைதானே, கழுவினால் போகும் என்று அந்த வண்டியை நம் வாசலுக்கே வரவழைத்துச் சீயக்காயும் புளியும் போட்டுத் தேய்த்தோம், நானும் தங்கபுஷ்பமும் அம்மாசியும். மூலை மூலையாகச் சாம்பிராணி காட்டினோம். கணேசமூர்த்தி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக் கொண்டு மாடியில் நின்று, தெருவே சிரிக்குதும்மா, நாம என்ன வம்சம் என்று புலம்புகிறான். கூடப் பிறந்தவளின் மாமனார் முகம் கோணக்கூடாது என்று அப்பாவை உருட்டிவிடத் துணிந்த வம்சம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக் கொண்டேன். அந்த சமயத்தில்தான் உன் மாமனார் உள்ளே நுழைந்தார். வாசலில் இரண்டு வண்டியும் பக்கம் பக்கமாக நிற்கிறது, ஒன்றில் மாலை வாடிக் கிடக்கிறது, ஒன்றில் நான் விளக்குமாறும் கையுமாக. நான் பூஜை போட்டு சும்மா குடுத்த வண்டி ஆகாது, மீன் அள்ளுன வண்டி ஆகுமோ, இது வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன், பையனுக்கு எழுதிப் போடுதேன் என்று கத்திவிட்டுக் கொடுத்த காபியைத் தொடாமல் போய்விட்டார். அவர் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வண்டியில் பிரேக் பிடிக்காது என்று அவருக்கே தெரியும், அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தெரியாமல் கொடுத்திருந்தால் மன்னித்துவிடலாம்.

இத்தனையையும் அப்பா முன்னறையில் கட்டிலில் படுத்துக் கேட்டுக் கொண்டிருந்தார். இடது கையால் என்னைக் கூப்பிட்டார். வாயைக் கோணிக் கோணி, மெதுவாக, சம்பந்தி வண்டியிலேயே போவோம் என்றார். அது நிற்காது, நான் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். நிக்கலைன்னா நிக்கலை, பாரதி அந்த வீட்ல வாழணும்ல என்றார். அந்த வண்டி இல்லையென்றால் திருச்செந்தூரே வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார். அப்புறம் எத்தனை கெஞ்சியும் திரும்பவில்லை. அப்பாவே சொல்லிட்டார்ல என்று கணேசமூர்த்தி பெருமூச்சு விடுகிறான், அவனுக்குப் பாரம் இறங்கிவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லையடி, வெறுப்புத்தான் வந்தது. பெண்ணைப் பெற்றவன் பிரேக் இல்லாத வண்டியில்தான் ஏறிப் போக வேண்டும் என்று எந்தக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறது. அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை, சம்பந்தி சம்பந்தி என்று உன் கல்யாணத்திலிருந்து நாங்கள் எல்லோருமே குனிந்து குனிந்து அவருக்கும் பழக்கிவிட்டோம்.

ஆகையால் நீ செய்ய வேண்டிய காரியம் இது. உன் மாமனார் கடிதம் இதற்கு முந்தியே உங்களுக்கு வந்தாலும் வரலாம். நான் அவரை அவமானப்படுத்தினேன் என்று இருக்கும், உண்மைதான், நான் மறுக்கப் போவதில்லை, உனக்காக மன்னிப்புக் கேட்கப் போவதுமில்லை. என்னால் உனக்கு அங்கே ஒரு சொல் வந்தால் பொறுத்துக் கொள். அப்பா என் பேச்சையும் கேட்க மாட்டார், டாக்டர் பேச்சையும் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார், உன் கடிதத்தை மட்டும் இன்றைக்கும் யாரையும் படிக்கச் சொல்லாமல் இடது கையில் பிடித்துக் கொண்டு தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். அப்பா, நீங்கள் மீன் வண்டியிலேயே போங்கள், எனக்கு இங்கே ஒரு குறையும் வராது என்று உன் கையால் எழுது. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை ஒளிக்காதே, கொடுத்துவிடு. அவர் சாதுவான பிள்ளை, ஆனாலும் அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், நாளைக்கு அவள் மாமனார் இப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஏறிப் படுப்பாரா என்று கேள். அவரும் மனசாரச் சொன்னால் அவர் சொன்னதாகவும் ஒரு வரி சேர்த்துக் கொள், சொல்லாவிட்டால் சொன்னதாகப் பொய் எழுத வேண்டாம், உன் வரி ஒன்றே போதும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயந்து நடக்காமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மாசி பிறப்பதற்குள் உன் பதில் இங்கே வந்துவிட வேண்டும், இன்றே தபாலில் சேர்த்துவிடு. மேல் விலாசத்தில் அப்பா பெயரை எழுது, என் பெயருக்கு எழுதிவிடாதே, நான் சொல்லிக் கொடுத்து எழுதினாய் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு உன் அம்மா,
முத்துலட்சுமி