இரண்டு சுவருக்கு ஒரு கதவு

அன்புத் துகள்காரனுக்கு,

அப்பா உனக்கு வைத்த பெயர்தான், எனக்கும் பிடித்துப்போயிற்று. இங்கே எல்லோரும் நலம். நீ குளிருக்குப் பயந்து குளிக்காமல் இருக்காதே. முதலில் ஆய்வகச் செய்தி, பிறகுதான் வீட்டுச் செய்தி. அவசரப்பட்டுக் கடைசிக்குத் தாவினால் உன் பேச்சு கா.

நீ போகும் முன் நாம் அடுக்கடுக்காக வளர்த்த மின்னணுச் சில்லு ஒருவழியாக வாய் திறந்துவிட்டது. எலக்ட்ரானை மறிக்க இரண்டு தடைச்சுவர்கள், நடுவில் துளி இடைவெளி. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஓரிடத்தில் மின்னோட்டம் விறுவிறுவென ஏறியது. ஆசை விடவில்லை, இன்னும் கூட்டினேன், பொத்தென்று விழுந்தது. நாம் கணக்குப் போட்டது சரி. எலக்ட்ரானின் ஆற்றல் அந்த இடைவெளிக்குப் பொருந்தினால்தான் உள்ளே முன்னும் பின்னும் மோதி, இரண்டு சுவரையும் சுவரே இல்லாத மாதிரி தாண்டுகிறது. மிஞ்சினால் வந்த வழியே திரும்பிவிடுகிறது.

சந்தோஷம் தாங்காமல் வீட்டில் சொன்னேன். கொத்தனாரான அப்பாவிடம் போய்ச் சுவரைத் தாண்டும் கதையைச் சொல்லலாமா? அது எவன் கட்டின சுவர், பூச்சு காயும் முன்னே விட்டுவிட்டு வந்திருப்பான் என்று அப்பா நாள் முழுக்க முணுமுணுத்தார்.

நம் கல்யாணப் பேச்சு உனக்குத் தெரிந்ததுதான். அப்பாவைக் கேட்டால் அத்தையைக் கேள் என்பார். அம்மா போன பிறகு என்னை வளர்த்த அத்தையோ, உங்கப்பனைக் கேள் என்பார். பந்து மாதிரி அலைந்தேன். போன மாதம் அழுது அடம்பிடித்ததில் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இனி நடக்காது என்றே பயந்துபோனேன். உனக்கு எழுதவில்லை.

சில்லுதான் எனக்குப் புத்தி சொன்னது. ஞாயிறு காலை அப்பா தேநீரோடு உட்கார்ந்திருந்தார், அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "அத்தை சரின்னா சரின்னு அப்பா சொல்றார். அப்பா சரின்னா சரின்னு அத்தை சொல்றாங்க. அப்ப வேணாம்னு சொல்றது யாரு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீதான் வேணாங்கறேன்னுல்லடா நான் இருந்தேன்" என்றார் அத்தை தன் தம்பியிடம். அப்பாவும் அத்தையைப் பற்றி அதையேதான் நினைத்திருந்தாராம். அத்தைக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை.

மதியமே அப்பா அளவு நாடாவோடு மாடிக்குப் போனார். ஓர் அறை எழுப்பப் போகிறாராம். இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "கதவு எந்தப் பக்கம் வைக்கணும்னு கேட்டு எழுது. துகளுக்கு வேணாமா இருக்கலாம். மாப்பிள்ளைக்குக் கதவு வேணும்ல."

மாப்பிள்ளை என்றார், கேட்டாயா?

அங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் வற்புறுத்த மாட்டேன். அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். ஆனால் செங்கல் வந்து இறங்கிவிட்டது. கதவு எந்தப் பக்கம் என்று எழுதாதே. வந்து கை காட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் காத்திருக்கும்
உன்னவள்