வாசலுக்கு வெளியே நின்றவருக்கு

தோழர்,

பக்கத்து வளவில் பெடியன்கள் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுகிறார்கள். கோதுமை மாவும் மயில்துத்தமும் வேகிற வாடை சன்னலால் வந்தது. திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை மூடி வைத்துவிட்டேன். எந்தக் கட்சிக்கு ஒட்டப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்கும் தெம்பு இப்போது இல்லை.

நம் கட்சிக் கந்தோரில் பசை காய்ச்சுவது நீங்கள்தான். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தில் கிண்டுவீர்கள். இரண்டு மொழிக்கும் சம இடம் என்று அந்தச் சுவரொட்டிகள் சொல்லின. சிங்களத் தோழர்களும் சேர்ந்துதான் ஒட்டினார்கள். அதற்காகத் தங்கள் ஊர்களில் கல்லெறியும் வாங்கினார்கள். அதை நம்பித்தான் நான் கட்சிக்கு வந்தேன்.

பிறகு கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது. புது அரசியலமைப்பு எழுதினார்கள். அதில் தமிழுக்கு அந்த இடம் இல்லை என்று தெரிந்த பிறகும், கிளைகள் எல்லாம் ஆதரித்துத் தீர்மானம் போடவேண்டும் என்று கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். திருகோணமலை மாதிரித் தமிழ் பேசுகிற கிளையின் தீர்மானம்தான் அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. அதை முதலில் விளங்கிக்கொண்டவர் நீங்கள்.

தையல்கடைக்கு மேல்மாடியில் கிளைக்குழு கூடியது. மின்விசிறி வேலை செய்யவில்லை. எல்லாருக்கும் வியர்த்தது.

"இது கொழும்புக்கு வேணும் டீச்சர். அவங்களுக்கு வேணுமெண்டா நாங்க ஒண்டு கேக்கலாம்," என்றீர்கள். கேட்க இருந்தது, துறைமுகத்தில் வருடக்கணக்காக நாட்கூலியாக அலைந்தவர்களுக்கு நிரந்தர வேலை.

"மொழியை வித்து வேலை வாங்கிறதோ?" என்று கேட்டேன்.

"நாங்க கை தூக்காட்டி அந்தச் சட்டம் நிண்டிருமா?"

"நிக்காது. ஆனா எங்கட கை அதில இருக்கக் கூடாது."

"எங்கட கை சுத்தமா இரிக்கும். நாட்கூலிக்காரன இண்டைக்கு வேலை இல்லையெண்டு வாசல்ல வச்சே திருப்பி அனுப்புறாங்களே, அவனுக்கு அந்தச் சுத்தத்தால என்ன பலன்?"

எனக்குப் பதில் இருந்தது. ஆனால் சொன்னால் நீங்கள் நொந்துபோவீர்கள் என்று சொல்லவில்லை. வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டாய் நின்றது. செயலாளர் என்ற முறையில் கடைசிக் கை உங்களுடையது. தலையைக் குனிந்துகொண்டு தூக்கினீர்கள். அன்றைக்கே நான் கட்சியிலிருந்து விலகினேன்.

ஊரில் உங்களைச் சும்மா விடவில்லை. சைக்கிளில் செருப்பு மாலை தொங்கவிட்டார்கள். "ஒண்டாவது சோடி சேருதா எண்டு பாத்தன், சேரல்ல," என்று சிரித்தபடி அதை என்னிடம் வந்து சொன்னவரும் நீங்கள்தான். கையில் ஒரு கோர்வை மீன். படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கட்சிய விட்டு விலகினீங்க. என்னையும் விட்டு விலகினீங்களா டீச்சர்?"

மீனை வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் நாட்கூலிக்காரர்களுக்கு வேலை நிரந்தரமாகியது. அதற்கப்புறம் கட்சியை அரசாங்கத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் கட்சி இருந்த இடம் தெரியாமல் போனது. புதிய அரசாங்கத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் என்று கொழும்பிலிருந்து கட்டளை வந்தபோது, இது தோற்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைக்கு வராதவர்கள் வேலையை விட்டவர்களாகக் கணிக்கப்படுவார்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று பள்ளிக்கூடம் போகும் வழியில் துறைமுக வாசலில் உங்களைக் கண்டேன். வந்தவர்களையெல்லாம் தோளில் கை போட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

"போங்க, உள்ளுக்குப் போங்க. நாங்க வெளியால நிக்கத்தான் அவங்க காத்துக்கொண்டிரிக்காங்க."

பெரும்பாலானவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். நீங்கள் அலைந்து நிரந்தரமாக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் மட்டும் அசையவில்லை. "கட்சி சொன்னாக் கேக்கணும் எண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள்.

சங்கு ஊதியது. வாசலைச் சாத்தத் தொடங்கினார்கள். நீங்கள் உள்ளே போகவில்லை.

"நீங்கள் போகேல்லையோ?" என்று பதறிக்கொண்டு கேட்டேன்.

"நான் கட்சிக்காரன் டீச்சர். கட்டளை எனக்கு வந்தது. அவங்க புள்ளகுட்டிக்காரங்க."

"உங்களுக்கும் பிள்ளையள் இருக்கெல்லோ!"

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தீர்கள்.

ஆட்களை உள்ளே அனுப்பியதற்காகக் கட்சி உங்களை விலக்கியது. அதன் பத்திரிகை கருங்காலி என்று எழுதியது. வெளியே நின்றதற்காகத் துறைமுகம் உங்களை வேலையால் நிறுத்தியது. கிண்ணியாவில் மைத்துனரின் நெல் ஆலையில் மூட்டை தைத்தீர்கள். வாசலில் உங்களை எதிர்த்துக் கேட்டவரும் பக்கத்திலிருந்து மூட்டை தைத்தார். நான் வந்தபோதெல்லாம் இருவரும் ஒரே கோப்பைத் தேநீரைப் பகிர்ந்து குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் மௌத்தான செய்தி கேட்டு, கடலேரியைக் கடக்கிற பாதைப் படகில் கிண்ணியாவுக்கு வந்தேன். துறைமுகத்துக்காரர்கள் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். கட்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெண்கள் இருந்த அறையில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு அவர் சொல்லல்லயா? நீங்க கட்சிய விட்டுப் போனதச் சொல்லித்தான் கொழும்பில அந்த நிரந்தர வேலைக்குக் கையெழுத்த வாங்கினவர். 'ஒரு டீச்சர் போயிட்டா, இன்னும் பிந்தினா கிளையே போயிரும்' எண்டு சொன்னதாம். அவங்க பயந்துட்டாங்க."

அவர் சொன்னது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பேரம் வேண்டாம் என்று எழுந்து வந்தவள் நான். நான் எழுந்து வந்ததையே நீங்கள் பேரத்தில் வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருடம் அதை என்னிடம் சொல்லவுமில்லை. சொன்னால் நான் நொந்துபோவேன் என்று நினைத்தீர்களா?

கோபப்பட முயன்றேன், வரவில்லை. பெருமையும் வரவில்லை. நான் விலகியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் கையெழுத்தில் வேலை நிரந்தரமாகி, வேலைநிறுத்தத்தன்று காலை உங்கள் சொல்லைக் கேட்டு உள்ளே போனவர்கள் சிலர், இப்போதும் பிள்ளைகளைச் சைக்கிளில் கொண்டுவந்து என் வகுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையசைப்பார்கள். நானும் அசைப்பேன். பிறகு பிள்ளைகளின் பெயரை வாசித்து வரவு எடுப்பேன்.