மே மாத மூட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்காமல் விட்டுவிட்டு வலி இல்லை என்று எழுதாதீர்கள்.

இந்த முறை உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் சின்னப் பொட்டலங்களைப் பற்றி எங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை தயாரிக்கிறது. குறைந்த மதிப்புள்ள ஏற்றுமதி முப்பது வருடத்தில் எப்படிக் கூடியது, எதனால் கூடியது என்று பன்னிரண்டு நாடுகளை ஒப்பிடுகிறோம். நம் நாட்டுப் பகுதி என் பொறுப்பு. புள்ளிவிவர அலுவலகத்தில் நீங்கள் முப்பத்திரண்டு வருடம் பார்த்த அதே பிரிவு. உங்கள் பழைய மாதப் பட்டியல்களை எல்லாம் கணினியில் ஏற்றிவிட்டோம்.

ஒரு வருடத்தில் மட்டும் மே முதல் நவம்பர் வரை ஏழு மாதமும் மொத்த மதிப்பாக ஒரே எண் நிற்கிறது. 41,350. அதற்கு முந்தைய ஏப்ரலிலும் அதே எண்தான். டிசம்பரில் திடீரென்று 57,250. அந்த டிசம்பரில் வெளிநாட்டு அஞ்சல் கட்டணத்தைக் குறைத்தார்கள். கட்டணத்தைக் குறைத்தால் சிறு வியாபாரிகள் ஒரே மாதத்தில் எழுந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதுதான் சாட்சி என்று எங்கள் இயக்குநர் குதிக்கிறார். அறிக்கையின் அட்டையிலேயே அந்தப் படம் வரப்போகிறது.

எனக்கு இடிக்கிறது. ஏழு மாதம் ஒரே எண் எப்படி வரும்? அச்சுப் பிழையா? நினைவிருந்தால் எழுதுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 14

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரு பக்கம் எழுதிவிட்டு அதைக் கடிதம் என்கிறாய். கான்வென்ட் பள்ளியில் எங்கள் சிஸ்டர் இதை வாங்கிப் பார்த்திருந்தால் மீதி மூன்று பக்கம் எங்கே என்று கேட்டிருப்பார்.

முழங்கால் இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவர் கையில் போனோடு வந்து, போனோடு போனார். போகும்போது, "ரெண்டு நாள் பாத்துக்கங்கம்மா, தன்னால நின்னுரும்" என்றார். "தன்னால நிக்கும்னா உங்களை எதுக்குப்பா கூப்பிட்டேன்?" என்றேன். சிரித்தார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். என் மேசையிலிருந்து போன எண்ணில் பிழை இருக்காது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை. கணினியில் ஏற்றியவர்கள் ஒரு வரியை ஏழு முறை ஏற்றியிருப்பார்கள். அவர்களைக் கேள்.

பழைய காகிதத்தைக் கிளறிக்கொண்டிருப்பதைவிட நேரத்துக்குச் சாப்பிடு. போன படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

அம்மா


பிப்ரவரி 26

அன்புள்ள அம்மாவுக்கு,

கணினியில் ஏற்றியவர்களைக் கேட்டேன். மூலத் தாள்களின் நகலை அனுப்பினார்கள். ஏழும் இதோடு இருக்கின்றன. ஏழிலும் 41,350 உங்கள் கையெழுத்தில். கீழே "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி உங்கள் சுருக்கொப்பம். அந்த எழுத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். என் மதிப்பெண் அட்டை எல்லாவற்றிலும் இருந்த எழுத்து.

அது எந்த வருடம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மே இருபத்தொன்பதாம் தேதி அப்பா போனார். எனக்குப் பதினைந்து வயது. நான்காம் நாள் காலையில் நீங்கள் இஸ்திரி போட்ட உடையோடு, கைப்பையை எடுத்துக்கொண்டு அலுவலகம் கிளம்பினீர்கள். அத்தை என் காதில் சொன்னாள்: "கல்லு மாதிரி போறா பாரு உங்கம்மா. என் தம்பிக்காக ஒரு வாரம் உக்காரக்கூடாதா?" நான் அதை நம்பினேன். இத்தனை வருடம் உங்களிடம் இதைக் கேட்டதும் இல்லை.

இப்போதும் அதைக் கேட்கவில்லை. எண்ணைத்தான் கேட்கிறேன். இருபதாம் தேதி அறிக்கை அச்சுக்குப் போகிறது. இதை நம்பி நாலு நாட்டில் அஞ்சல் கட்டணத்தை மாற்றப்போகிறார்கள். அதில் என் பெயர் இருக்கும். பொய் என்றால் பொய் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. தாங்கிக்கொள்வேன்.

மகள்


மார்ச் 7

அன்பு மகளுக்கு,

நகல்களைப் பார்த்தேன். என் எழுத்துதான். கணினிக்காரர்களிடம் நான் சொன்னதாக மன்னிப்புக் கேள்.

நாங்கள் அந்த எண்ணை எப்படி எடுத்தோம் என்று உனக்குத் தெரியாது. பெரிய சரக்கு என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகும். சின்னப் பொட்டலங்களுக்கு அப்படி இல்லை. அனுப்புகிறவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுகள் மூட்டையாகக் கட்டி மறுமாதம் முதல் வாரம் என் மேசைக்கு வரும். உள்ளே என்ன, மதிப்பு எவ்வளவு என்று அதில் இருக்கும். ஐம்பதுக்கு ஒரு சீட்டு உருவி, மதிப்புகளைக் கூட்டி, ஐம்பதால் பெருக்க வேண்டும். அலுவலகத்தில் அதைச் சில்லறை மூட்டை என்பார்கள்.

உன் அப்பாவின் சீட்டுகளும் அந்த மூட்டையில்தான் வரும். வாரத்துக்கு மூன்று நான்கு பொட்டலம், வெளிநாட்டுத் தையல் கடைகளுக்குச் சட்டைப் பொத்தான். மதிப்பு என்ற இடத்தில் எண் எழுத மாட்டார். "சொற்பம்" என்று எழுதுவார். என் வீட்டார் அவரைப் பொத்தான்காரர் என்று கேலி செய்தபோதுகூட எனக்கு அத்தனை கோபம் வந்ததில்லை. சொற்பத்தை எப்படிக் கூட்டுவது?

இருபத்தொன்பதாம் தேதி காலையில் அதற்காகத்தான் அவரைக் கடிந்துகொண்டேன். "நீங்க சொற்பம்னு எழுதுனா என் கணக்குல நீங்க பூஜ்யம்தான், தெரியுமா?" என்றேன். "சரிங்க மேடம்" என்றார். நான் பேருந்துக்கு ஓடினேன். மதியம் அஞ்சல் நிலையத்தில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போது விழுந்தார். அதற்குமேல் உனக்குத் தெரியும்.

நான்காம் நாள் ஜூன் இரண்டு. அன்று மே மாத மூட்டை வரும். நான் விடுப்பில் இருந்தால் அடுத்த மேசைக்காரர் அதைப் பிரிப்பார். அவர் பிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. போனேன், கையெழுத்துப் போட்டு மூட்டையை வாங்கி மேசைக்குக் கீழே தள்ளினேன். என்னாலும் பிரிக்க முடியவில்லை. ஏப்ரல் எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மே மூட்டை பிரிக்காமல் கிடக்கும்போது ஜூன் மூட்டையைப் பிரிப்பது சரியில்லை என்று தோன்றியது. அப்படியே ஏழு மூட்டை. கால் வைக்க இடமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை, நான்தானே சரிபார்ப்பவள்.

எட்டாவதுக்கு இடம் இல்லை. ஆகவே டிசம்பர் மூட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தேன். 57,250 உண்மையான எண். பிப்ரவரியில் மே மூட்டையைப் பிரித்தேன். உருவவில்லை, எல்லாச் சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவருடையவை பதினான்கு இருந்தன. பதிமூன்றில் சொற்பம். கடைசிச் சீட்டில் "18 (பதினெட்டு மட்டும்)" என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். என்னைச் சீண்டத்தான். அது ஐம்பதாவது சீட்டும் இல்லை. என் கூட்டலில் வந்தே இருக்காது.

பிறகு மதிய இடைவேளைகளில் ஏழு மூட்டையையும் முறைப்படி கூட்டினேன். அதற்குள் பட்டியல் அச்சாகிவிட்டது. திருத்தம் எழுதினால் காரணம் கேட்பார்கள். எழுதவில்லை. உண்மையான எண்கள் ஏழும் இதோடு வைத்திருக்கும் தனித்தாளில் இருக்கின்றன. மே 42,900. நவம்பர் 55,650. மாதாமாதம் ஏறியிருக்கிறது. கட்டணம் குறைவதற்கு முன்பே ஏறியிருக்கிறது. உன் இயக்குநரிடம் சொல்.

அடிக்குறிப்பில் "தரவு கிடைக்கவில்லை" என்று எழுதாதே. கிடைத்தது. "மூட்டைகள் பிரிக்கப்படவில்லை, பொறுப்பாளர் முந்தைய எண்ணையே எழுதினார்" என்று எழுது. காரணம் எழுதாதே.

குழாய் சரியாகிவிட்டது. வேறு ஆள் வந்தார்.

அம்மா


மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

அடுக்களையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டுத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினேன். கழுவியவற்றையே இன்னொரு முறை கழுவினேன். அழுகை வரவில்லை. உங்களுக்கும் அன்று வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இயக்குநரிடம் சொன்னேன். "ஒரு கிளார்க் ஏழு மாசம் தூங்கியிருக்காங்க, அவ்வளவுதானே?" என்றார். "தூங்கலை சார்" என்றேன். உண்மையான எண்கள் ஏழையும் அவர் முன் வைத்தேன். அட்டைப் படம் போய்விட்டது. புதிய படத்தில் ஒரு கோடு மெதுவாக ஏறுகிறது, பார்க்க ஒன்றுமே இல்லை. அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடிக்குறிப்பு நீங்கள் சொன்ன சொல்லோடு அப்படியே வருகிறது.

அத்தைக்குப் போன் செய்தேன். கல் என்று சொன்னாளே, அது தப்பு என்றேன். "அதை ஏன்டி இப்ப சொல்ற?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். "அவ நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். அது எனக்கும் தோன்றியது.

அந்த மூட்டைகள் பிறகு என்ன ஆயின? கடைசிச் சீட்டு?

மகள்


மார்ச் 30

அன்பு மகளுக்கு,

சொல்லியிருக்கலாம். யாரிடம், எப்படி என்று தெரியவில்லை. நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு வருடம் முடிந்ததும் மூட்டைகளைக் காகிதக் கூழ் ஆலைக்கு அனுப்புவது விதி. அனுப்பிவிட்டேன். ஒரு சீட்டைத் தவிர. அரசாங்கச் சொத்தில் நான் எடுத்தது அது ஒன்றுதான். ஓய்வு பெறும் நாளில் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாததால் கொண்டுவந்துவிட்டேன்.

அது இதோடு இருக்கிறது. மடிக்காதே. நடுவில் மடித்தால் எழுத்து உதிரும்.

அட்டைக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதால் கடிதமாக எடுக்க மாட்டோம், பொட்டலம்தான் என்று அஞ்சல் நிலையத்தில் சொன்னார்கள். முகப்பில் இருந்த பெண் சீட்டை நீட்டினாள்.

"உள்ள என்னம்மா?"

"காகிதம். ஒண்ணே ஒண்ணு."

எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "மதிப்பை எண்ணால எழுதணும்மா, இப்படி எழுதக்கூடாது" என்றாள்.

"தெரியும்மா. முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. முத்திரை குத்திப் பெட்டியில் போட்டாள்.

சொற்பம் என்று எழுதியிருக்கிறேன். மார்ச் மாதக் கூட்டலில் உருவினால் அது பூஜ்யமாகத்தான் போகும். போகட்டும்.

சேர்ந்ததும் எழுது. நான்கு பக்கம் எழுது.

அம்மா